ஓப்ராக் பீடபூமியில் நடக்கப் போகிறீர்களா? முதலில் கேட்டை மூடக் கற்றுக்கொள்ளுங்கள்

பிரான்சில் மலை நடை என்றதும் எல்லோரும் ஆல்ப்ஸ் பக்கம்தான் போகிறார்கள். நான் சொல்லப்போவது அங்கிருந்து வெகு தூரம் மேற்கே, லோசேர், அவெரோன், கந்தால் என்ற மூன்று மாவட்டங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் இருக்கும் ஓப்ராக் பீடபூமியைப் பற்றி. எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கருங்கல் தரை, அதன் மேல் முழங்கால் வரை புல், கண்ணுக்கு எட்டிய வரை கல் அடுக்கிய வேலிச் சுவர்கள், பசுக்கள். உச்சிப் புள்ளியான மயேபியோ மேடே 1,469 மீட்டர்தான். ஏறி மூச்சு வாங்கும் மலை இல்லை என்பதால் பலர் இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்த ஊர் சோதிப்பது வேறு மாதிரி. ஒதுங்க ஒரு மரம் கிடைக்காது, மூடுபனி வந்தால் எதிரே நிற்கும் வேலிக்கம்பமே தெரியாது. அப்புறம், நீங்கள் நடக்கும் தரை முழுக்க யாரோ ஒருவருடைய தொழிலிடம். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வாங்கிக்கொண்டு போனால் பாதிப் பிரச்சினை வராது.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்லும் பாதை ஒன்றுதான். லெ புய் நகரிலிருந்து கோன்க் வழியாக ஸ்பெயினின் சந்தியாகோவை நோக்கிப் போகும் பழைய யாத்திரைப் பாதை, இப்போது ஜிஆர் 65 என்று எண் போட்டிருக்கிறார்கள் (ஜிஆர் என்றால் பிரான்சின் குறியிட்ட நெடுந்தூர நடைபாதை). அதில் ஓப்ராக்கைக் குறுக்கே கடக்கும் துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓமோன்-ஓப்ராக்கில் தொடங்கி முதல் நாள் நஸ்பினால் வரை சுமார் 26 கிலோமீட்டர், இரண்டாம் நாள் நஸ்பினாலிலிருந்து ஓப்ராக் கிராமம் வழியாக சேன்-ஷெலி-தோப்ராக் வரை சுமார் 17 கிலோமீட்டர். இந்த 17 கிலோமீட்டரும் 1998-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த யாத்திரைப் பாதைத் துண்டுகளில் ஒன்று. கூட நாள் இருந்தால் லெ புய்யிலிருந்தே நடந்து வரலாம், ஐந்தாறு நாளில் நஸ்பினாலுக்கு வந்துவிடுவீர்கள். ஓமோன்-ஓப்ராக்கில் ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் வண்டிகள் மிகக் குறைவு. அதனால் தங்குமிடம் பிடிப்பதற்கு முன்பே ரயில் நேரத்தைப் பாருங்கள், நாள் கணக்கை அதை வைத்தே போடுங்கள்.

எப்போது போவது? மே கடைசியிலிருந்து ஜூன் நடு வரை, இல்லாவிட்டால் செப்டம்பர். என்னைக் கேட்டால் முதலாவதுதான். புல்வெளியில் நர்சிசஸ் பூக்கள் வெள்ளையாகக் கொட்டிக்கிடக்கும், மாடுகளும் அப்போதுதான் மேலே ஏறும். மே 25-ஐ ஒட்டி கீழ்ப் பள்ளத்தாக்குகளிலிருந்து மந்தைகளை நடத்திக்கொண்டு மேலே வருவார்கள், கொம்பில் பூவும் கொடியும், கழுத்தில் பெரிய பெரிய மணி. அதற்கு மிக அருகில் வரும் ஞாயிற்றுக்கிழமை ஓப்ராக் கிராமத்தில் திருவிழா. பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் அந்த வார இறுதியில் படுக்கை கிடைக்கவே கிடைக்காது, பல மாதம் முன்பே சொல்லி வைத்திருந்தால் ஒழிய. அக்டோபர் 13 வாக்கில் மந்தைகள் இறங்கிவிடும். மரபுக் கணக்கு 142 நாள். ஏப்ரலில் போகாதீர்கள், பனி இன்னும் கிடக்கும்.

பாதைக் குறி எளிது. வெள்ளைக் கோடு, அதன் கீழே சிவப்புக் கோடு, இரண்டும் படுக்கையாக இருந்தால் ஜிஆர். வளைந்த அம்பு வந்தால் திரும்ப வேண்டும், பெருக்கல் குறி வந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது. மஞ்சள் தனியாக வந்தால் உள்ளூர்ச் சுற்றுப்பாதை, மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து வந்தால் ஓப்ராக்கைச் சுற்றி வரும் வேறொரு நீண்ட பாதை. நஸ்பினாலைச் சுற்றி மூன்று வகையும் கலந்து வரும், அங்கே நிதானித்துப் பாருங்கள். காட்டுப் பாதையில் குறியை மரத்தில் போடுவார்கள். இங்கே மரம் இல்லாததால் வேலிக் கம்பத்திலும் தரைக் கல்லிலும்தான் இருக்கும், மாடு உரசி உரசிச் சில இடத்தில் மங்கிப் போயிருக்கும். பத்து நிமிடமாகக் குறியே கண்ணில் படவில்லையா, கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்பி வந்துவிடுங்கள். போன் சிக்னல் வரும் போகும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். அவசரத்துக்கு 112.

சரி, கேட்டுக்கு வருவோம். நஸ்பினாலைத் தாண்டியதும் பாதை பல இடங்களில் மேய்ச்சல் நிலத்துக்கு உள்ளேயே போகும், வழியில் ஒன்றன் பின் ஒன்றாகத் தடுப்புகள். சில இடத்தில் ஸ்பிரிங் வைத்த சின்ன மரக் கேட், தானாகச் சாத்திக்கொள்ளும், சாத்திக்கொண்டதா என்று பார்த்துவிட்டு நகர்ந்தால் போதும். சில இடத்தில் மின்கம்பி, முனையில் பிளாஸ்டிக் கைப்பிடி இருக்கும். கம்பியைத் தொடாமல் கைப்பிடியை மட்டும் பிடித்து, கொக்கியைக் கழற்றி, கம்பியைத் தரையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு தாண்டி, திரும்பி நின்று அதே வளையத்தில் மாட்டுங்கள். மாட்டியபின் லேசாக இழுத்துப் பாருங்கள். இன்னொரு வகை, கம்பத்தில் ஒரு கம்பி வளையத்தைச் செருகி நிறுத்திய முள்வேலித் துண்டு. அது முரண்டு பிடிக்கும். வேலித் துண்டின் நுனிக் கம்பைத் தோளால் கம்பத்தோடு அணைத்து நெருக்கிக்கொண்டு வளையத்தைப் போட்டால்தான் ஏறும், கையால் மட்டும் இழுத்தால் வராது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. முதல் தடவை போனபோது எனக்குப் பின்னால் ஆட்கள் வருகிறார்களே, அவர்கள் மூடுவார்கள் என்று வளையத்தை அரைகுறையாக விட்டுவிட்டு நடந்தேன். அவர்கள் அந்த வழியே வரவில்லை, தெருப் பாதையில் திரும்பிவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து ஒரு விவசாயி என் பின்னாலேயே வண்டியில் வந்து நிறுத்தினார். திட்டவில்லை. கேட்டுக்குக் கூட்டிப்போய், எப்படி மூட வேண்டும் என்று இரண்டு முறை செய்து காட்டிவிட்டு, அந்தப் பக்கம் இருப்பது வேறொருவர் மந்தை, அதில் காளை நிற்கிறது, கலந்துவிட்டால் பிரித்தெடுக்க ஒரு நாள் போய்விடும் என்று விளக்கினார். அன்றிலிருந்து, பின்னால் ஆள் வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி, நான் திறந்த கேட்டை நானே மூடுகிறேன். அவர்கள் வந்தால் நின்று பிடித்துக்கொடுக்கலாம், அவர்கள் மூடிவிட்டார்கள் என்று கண்ணால் பார்த்தபின் நகரலாம்.

மாடுகளைப் பற்றியும் பயப்படாமல், ஆனால் கவனத்தோடு. ஓப்ராக் இனப் பசு கோதுமை நிறம், கண்ணைச் சுற்றி மை தீட்டியது போலக் கருப்பு வளையம், யாழ் மாதிரி வளைந்த கொம்பு. சாதுவானவை. ஆனால் கன்றோடு நிற்கும் பசு எந்த நாட்டிலும் கன்றோடு நிற்கும் பசுதான். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே நுழையாதீர்கள், போட்டோவுக்காகக் கன்றுப் பக்கம் போகாதீர்கள், பாதையிலேயே படுத்திருந்தால் நீங்கள்தான் சுற்றிப் போக வேண்டும். நாயைக் கூட்டி வராதீர்கள். கன்று வைத்திருக்கும் பசுவுக்கு நாயைக் கண்டாலே ஆகாது.

மூடுபனி. ஓப்ராக் கிராமத்தில் 12-ஆம் நூற்றாண்டில் யாத்ரீகர்களுக்காக எழுந்த மடமும் மருத்துவ விடுதியும் இருந்தன, அதன் தேவாலயம் இன்றும் நிற்கிறது. பனியும் மூடுபனியும் சூழ்ந்தால் துறவிகள் அங்கே மணி அடிப்பார்களாம், வழி தப்பியவர்கள் சத்தத்தை வைத்து வந்து சேரட்டும் என்று. வழி தவறியவரைத் திரும்ப அழை என்ற பொருளில் லத்தீனில் அந்த மணியில் ஒரு வரியே பொறித்திருக்கிறது. நஸ்பினாலிலிருந்து அங்கே போக சுமார் 9 கிலோமீட்டர்தான், நடுவில் பாதை 1,350 மீட்டருக்கு மேல் ஏறும், அந்தத் துண்டில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். காலையில் முழுக்க மூடியிருந்தால் ஒரு காபி கூடக் குடித்துவிட்டுக் காத்திருங்கள். பல நாள் பத்து மணிக்குள் விலகிவிடும். ஏற்கெனவே உள்ளே மாட்டிக்கொண்டால் கல் சுவரையோ வேலியையோ விடாமல் பக்கத்திலேயே நடங்கள். கோடையில் பிரச்சினை வேறு: பிற்பகல் இடி. காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரண்டு மணிக்குள் இறங்கிவிடுவதுதான் வழி. இடி வந்துவிட்டால் கம்பி வேலியையும் தனி மரத்தையும் விட்டு விலகித் தாழ்வான இடத்துக்குப் போங்கள். ஜூன் மாதத்திலும் காற்றைத் தடுக்கும் மழைச் சட்டையும் ஒரு ஸ்வெட்டரும் பைக்கு மேலாகவே இருக்கட்டும், அடியில் அல்ல.

தண்ணீர் விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஓடை நிறைய ஓடும், மேலே மாடு மேய்கிறது, குடிக்கக் கூடாது. கிராமக் குழாயில் "ஓ நோன் பொத்தாப்ல்" என்று எழுதியிருந்தால் குடிக்க ஆகாத தண்ணீர். எதுவும் கிடைக்காவிட்டால் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், பூவுக்கு ஊற்ற வைத்த குழாய் பெரும்பாலும் இருக்கும், நடைப்பயணிகள் அதில் பாட்டில் நிரப்புவது வழக்கம். அங்கேயும் பலகையைப் பார்த்துவிட்டுத்தான்.

தங்க ஜீத் என்ற விடுதிகள், பத்துப் பதினைந்து பேர் ஒரே அறையில், இரவுச் சாப்பாடும் காலை உணவும் சேர்த்துத் தருவார்கள். முந்தைய நாளாவது போன் செய்யுங்கள், ரொக்கம் வைத்திருங்கள், சின்ன இடங்களில் கார்டு எடுக்க மாட்டார்கள். உள்ளே நுழைந்ததும் எதையும் கேட்பதற்கு முன் "போன்ஜூர்" சொல்லுங்கள், அந்த ஒரு வார்த்தையில் முகமே மாறும்.

சாப்பாட்டில் அலிகோ. மசித்த உருளைக்கிழங்கில் வெண்ணெய், பூண்டு, இன்னும் முதிராத புதுப் பாலாடைக்கட்டி போட்டு, பெரிய மரக் கரண்டியால் ஒரே திசையில் கிண்டி, கரண்டியைத் தூக்கினால் தலை உயரத்துக்கு நூலாக நீளும். தட்டில் வைத்துக் கத்திரிக்கோலால் வெட்டிவிடுகிறவர்களும் உண்டு. சூடு ஆறினால் இறுகிவிடும், பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிடுங்கள். சைவக்காரர்களுக்கு: கூடவே பன்றி சாசேஜ் வரும், "சான் வியாந்து" என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். பாலாடைக்கட்டி உறைய வைக்கக் கன்றின் இரைப்பை உறைபொருளைப் பயன்படுத்துவது அங்கே மரபு, அது ஆகாது என்பவர்கள் அலிகோவையே தவிர்க்க வேண்டியிருக்கும்.

நஸ்பினாலில் கணுக்கால் வலித்தால் ஒரு நாள் தங்கிவிடுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் பியெருனே என்று பெயர் எடுத்த ஒரு கட்டு வைத்தியர் இந்த ஊர்க்காரர், எலும்பு பிசகியவர்கள் தூரத்திலிருந்தெல்லாம் அவரைத் தேடி வந்தார்கள், ஊருக்குள் சிலை இருக்கிறது. வலி குறைந்தால் தெரோக் அருவிக்குப் போய் வரலாம், கருங்கல் தூண்கள் வரிசையாக நிற்க 32 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது.

கடைசி இறக்கத்துக்கு முழங்காலை மிச்சம் வையுங்கள். ஓப்ராக் கிராமத்திலிருந்து சேன்-ஷெலி வரை 8 கிலோமீட்டரில் சுமார் 500 மீட்டர் இறங்க வேண்டும், கல் உருளும், மழைக்குப் பின் வழுக்கும். ஷூ நாடாவை மேல் துளை வரை இறுக்கிக் கட்டுங்கள், கைத்தடி இருந்தால் கொஞ்சம் நீட்டிக்கொள்ளுங்கள். புல்வெளி முடிந்து பீச் (beech) மரக் காடு தொடங்கும், வெகு நேரத்துக்குப் பிறகு நிழல். கிராமத்துக்குக் கீழே பழைய கல் பாலம், அதன் சிலுவையில் கைத்தடியோடு ஒரு சின்ன யாத்ரீகர் உருவம் செதுக்கியிருக்கும், குனிந்து பார்த்தால்தான் தெரியும். மறுநாளைக்கு ரொட்டி வாங்க வேண்டும் என்றால் பாலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் கடைக்குப் போங்கள். மதியம் மூடினால் மாலைதான் திறப்பார்கள், ஞாயிறு பிற்பகலில் திறக்கவே மாட்டார்கள்.