கடப்புறத்துப் பிள்ளைக்கு ஆஸ்திரேலிய ஃபுட்பால்: முதல் மூன்று மாதம்

குமரிக் கடற்கரையில் தூத்தூர், இரவிபுத்தன்துறை, வள்ளவிளைப் பக்கம் நடக்கத் தொடங்கிய பிள்ளையின் காலில் பந்து இருக்கும். கால்பந்து வீரர் மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) வரை போனது அந்தக் கரையிலிருந்துதான். அப்படிப்பட்ட காலோடு ஆஸ்திரேலிய ஃபுட்பாலுக்கு வருபவனுக்கு ஓடவும் உதைக்கவும் சொல்லித்தர வேண்டாம். அவனுக்குக் கைதான் புதிது, உதை கெட்டுப்போவதும் அந்தக் கையில்தான். முதல் மூன்று மாதத்தில் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்குங்கள்.

இந்த ஆட்டத்தின் பந்து முட்டை வடிவம், அதைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். ஆண்கள் ஆட்டத்துக்கு 5-ஆம் எண் பந்து. நீளவாக்கில் சுற்றளவு 72 முதல் 73 செ.மீ., குறுக்கே 54.5 முதல் 55.5 செ.மீ. பெண்கள் லீக்கில் 4-ஆம் எண். 12 வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு அதிலும் சிறியதைக் கொடுங்கள். கைக்கு அடங்காத பந்தை இரண்டு கையாலும் சேர்த்து விடப் பழகிவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு. காற்று 9 முதல் 11 பி.எஸ்.ஐ. இருக்கட்டும். வெயிலில் கிடந்தால் அழுத்தம் ஏறும் என்பதால் ஆடப்போகும் நேரத்தில் அளந்துகொள்ளுங்கள். இந்தப் பந்து கிடைக்காவிட்டால் முதல் மாதத்தை ரக்பி பந்தை வைத்து ஓட்டலாம், அது கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். தோல் பந்தில் உப்புத்தண்ணீர் பட்டால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள்.

அடிப்படை உதைக்கு டிராப் பண்ட் என்று பெயர். வலக்கால்காரனை வைத்துச் சொல்கிறோம். பந்து செங்குத்தாக, மேல்முனை சற்றே நெஞ்சுப் பக்கம் சாய்ந்து, வலத்தொடைக்கு நேர் முன்னால் இருக்க வேண்டும். விரல்கள் இரண்டு பக்கமும் விரிந்திருக்கும். இடக்கை முதலில் விலகும். வலக்கை மட்டும் பந்தை இடுப்பளவுக்குக் கொண்டுபோய் அப்படியே விடும், மேலே தூக்கிப் போடக் கூடாது. பந்து தனியாக விழும் தூரம் எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு அது வழியில் புரள இடமில்லை. முழங்காலுக்குக் கீழே, பாதத்தின் மேல் எலும்பு பந்தின் கீழ்முனையை ஒட்டிப் பட வேண்டும். கால்விரல்கள் நீண்டு, கணுக்கால் இறுகி இருக்கட்டும். சரியாகப் பட்டால் பந்து பின்னோக்கிக் கரணமடித்துக்கொண்டே போகும். அந்தச் சுழற்சிதான் அதை நேராக வைக்கிறது, பிடிப்பவனுக்கும் அதுதான் வசதி.

முதல் நாள் உதைக்கவே விடாதீர்கள். நின்ற இடத்தில் ஐம்பது தடவை பந்தை விட்டு, தரையைத் தொடும்வரை நிமிர்ந்தே போகிறதா என்று பார்க்கட்டும். அடுத்து 5 மீட்டர் தள்ளி நிற்பவன் நெஞ்சுக்கு, ஓடாமல் உதைக்க வேண்டும். பத்தில் எட்டு சரியாகப் போன பிறகே 10 மீட்டர், அப்புறம் 15, 20.

பந்து தள்ளாடிக்கொண்டே போனால் குற்றம் காலில் இல்லை, விடும்போதே சாய்ந்திருக்கிறது. இடக்கை விலகியதா என்று பாருங்கள். வானத்துக்கு ஏறிப் பக்கத்திலேயே விழுந்தால் கால்விரல் தளர்ந்திருக்கும், அல்லது பந்து அதிக உயரத்திலேயே பட்டிருக்கும். எப்போதும் இடப்பக்கமே போனால் அது நம்மூர்ப் பழக்கம்: ஃப்ரீ கிக்குக்கு வருவதுபோல் சாய்வாக ஓடிவந்து காலைக் குறுக்கே வீசுகிறான். மணலில் ஒரு கோடு கிழித்து அதன்மேலேயே ஓடிவரச் சொல்லுங்கள். பொடிமணலில் உதைப் பயிற்சி வேண்டாம். ஊன்றிய கால் புதைந்தால் உதைக்கும் கால் மணலைக் கீறி நகம் பெயரும். கடல் வற்றிய நேரத்து ஈரமணல் நல்லது. ஆனி, ஆடியில் கடல் கரையைத் தின்னும்போது உள்ளே மைதானத்துக்குப் போய்விடுங்கள்.

கையால் பந்தைக் கூட்டாளிக்குக் கொடுப்பது கைப்பாஸ். அதில் ஒரு கை தட்டுபோல் பந்தைத் தாங்கும், மறு கையின் மூடிய முட்டி குத்தும். தாங்கும் கை பந்தைத் தள்ளினால் அது எறிதல், நடுவர் விசில் ஊதுவார். வாலிபால் ஆடிய பிள்ளைகளுக்கு இது அடிக்கடி வரும்.

15 மீட்டருக்கு மேல் பறந்து வரும் உதையைத் தரையில் விழாமல், வேறு யாரும் தொடாமல் பிடித்தால் அது மார்க். பிடித்தவன் நிதானமாக உதைக்கலாம். கோல்கீப்பராக நின்ற பிள்ளைகளை முதலில் இதற்கு இறக்குங்கள், அவர்களுக்கு ஏற்கெனவே பாதி தெரியும். பந்தோடு ஓடுபவன் 15 மீட்டருக்குள் ஒரு தடவை அதைத் தரையில் அடித்தெடுக்க வேண்டும். மணலில் பந்து எழும்பாது. ஆனால் குனிந்து பந்தைத் தரையில் தொட்டாலும் விதி நிறைவேறிவிடும். 15 மீட்டர் கயிறு ஒன்றைக் கரையில் நீட்டிப் போட்டுப் பழக்குங்கள்.

டேக்கிள், அதாவது பந்து வைத்திருப்பவனைப் பிடித்து நிறுத்துவது, தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே மட்டும். முதுகில் தள்ளுவது ஃபவுல். இரண்டு வாரம் முழங்காலில் நின்றபடியே பிடித்து விழப் பழகட்டும், இதற்குப் பொடிமணல்தான் நல்லது. கோலுக்கு நான்கு சவுக்குக் கம்பு, ஒவ்வொன்றுக்கும் இடையே 6.4 மீட்டர். நடு இரண்டுக்குள் உதைத்தால் 6 புள்ளி, ஓரத்து இடைவெளியில் போனால் 1.

இனி, இது எங்கே கொண்டுபோகும் என்று வீட்டார் கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு பிள்ளை ஆஸ்கிக் என்ற சிறுவர் பயிற்சியில் தொடங்கி, ஊர் கிளப், 18 வயதுக்குட்பட்டோர் லீக் என்று ஏறி, அங்குள்ள உச்ச லீக்கான ஏ.எஃப்.எல்.-இன் கிளப்புகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு வருகிறது. அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 18 நிறைந்திருக்க வேண்டும். வேறு ஆட்டத்திலிருந்து வருபவர்களுக்கு ‘பி’ வகை ரூக்கி (புதுமுக வீரர்) என்ற தனி வாசல் உண்டு. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மேசன் காக்ஸ் ஆஸ்திரேலிய ஃபுட்பாலே ஆடாமல் கிளப்புக்குப் போய், 2016-இல் முதல் ஆட்டம் ஆடி, 2023-இல் காலிங்வுட் கிளப்போடு ஏ.எஃப்.எல். கோப்பை வென்றார். அவர் உயரம் 211 செ.மீ. என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். நம் பிள்ளைகளுக்குக் கைக்கு எட்டும் வழி, படிக்கவோ வேலைக்கோ அங்கே போகும்போது பக்கத்து ஊர் கிளப்பில் சேர்வது. ஒப்பந்தம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் நகையை அடகு வைத்துக் கொடுக்க வேண்டாம். கிளப்புகள் ஆளைச் சோதித்துத்தான் எடுக்கின்றன.

அந்தச் சோதனைகளை இங்கேயே நடத்தலாம்: 20 மீட்டர் ஓட்டம், ஓடிவந்து எம்பும் உயரம், 2 கி.மீ. ஓட்டம். எம்பும் உயரத்துக்கு விரலில் சுண்ணாம்பு தடவிச் சுவரில் குறியிட்டால் போதும். மாதம் ஒரு தடவை, ஒரே இடத்தில், காலையில் அளந்து நோட்டில் தேதியோடு எழுதுங்கள். ஓட்டங்களைக் கடற்கரையில் அளக்காதீர்கள். இன்றைய மணல் நாளை இருக்காது, நேரக்கணக்கை ஒப்பிடவே முடியாது.