கூகுள் ஆட்ஸ்ல காசு விட்டு கத்துக்கிட்டது: சின்னக் கடை வெப்சைட்டுக்கு விளம்பரம் எதுக்கு, எஸ்இஓ எதுக்கு, ஸ்டெப் பை ஸ்டெப்

கோயமுத்தூர்ல எங்க மாமா வெட் கிரைண்டர் கடை வச்சிருக்கார். வீட்டுக்கு டேபிள் டாப், ஓட்டலுக்கு பெரிய டில்டிங் கிரைண்டர் விக்கிறாங்க, கூடவே பழைய கிரைண்டருக்கு கல்லு கொத்துறது, பெல்ட் மாத்துறதுன்னு சர்வீஸும் உண்டு. கடைக்கு வெப்சைட் போட்டுக் குடுத்தது நான்தான், கூகுள்ல விளம்பரம் போட்டா போன் வரும் மாமான்னு சொன்னதும் நான்தான். ஒரு நாளைக்கு 200 ரூபாய்னு வச்சு ஆரம்பிச்சோம். பணம் நாள் தவறாம தீர்ந்துச்சு, போனும் வந்துச்சு. ரெண்டாவது வாரம் மாமா கூப்பிட்டு, "கண்ணு, இன்னைக்கு நாலு போனு வந்துச்சு. ரெண்டு பேரு இந்தில பேசறாங்க, ஒருத்தரு இரும்பு அறுக்கற மெஷினு இருக்குதான்னு கேக்கறாரு, இன்னொருத்தரு காப்பிக்கொட்டை அரைக்கோணுங்கறாரு. என்னன்னு பாரு சாமி"ன்னார். அன்னைக்கு ராத்திரியில இருந்து உக்காந்து ஒவ்வொரு செட்டிங்கா திறந்து பாத்ததுல கத்துக்கிட்டதுதான் இந்தப் பதிவு. அக்கவுண்ட் ஓபன் பண்றது, கார்டு ஏத்துறது எல்லாம் நீங்களே பண்ணிக்குவீங்க, அதுக்குள்ள நான் போகலை.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் தெளிவா வச்சுக்கோங்க. விளம்பரத்துக்குக் காசு குடுத்தா சாதாரண தேடல்ல உங்க சைட் மேல ஏறாது. அங்க காசு குடுக்காம மேல வர்ற மாதிரி சைட்டைச் சரி பண்றதுக்குப் பேருதான் எஸ்இஓ. ரெண்டும் தனித்தனி, இதை கூகுளே எழுதி வச்சிருக்கு. எங்ககிட்ட ஒரு ஏஜென்சிக்காரர் வந்து "ஆறு மாசம் ஆட்ஸ் ஓட்டுங்க, ரேங்க் தானா வரும், மூணாவது மாசமே முதல் இடம் கேரண்டி"ன்னு சொல்லி மாமாகிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டுப் போனார். முதல் இடத்துக்கு யாராலயும் கேரண்டி குடுக்க முடியாதுன்னு கூகுளோட உதவிப் பக்கத்துலயே இருக்கு. அப்படி யாராவது சொன்னா, காசு குடுக்காம அனுப்பிடுங்க.

ஸ்டெப் 1: பேப்பர்ல கணக்கு

கம்ப்யூட்டரைத் திறக்காதீங்க. ஒரு வேலை முடிஞ்சா கையில எவ்வளவு நிக்கும்னு எழுதுங்க. உதாரணத்துக்கு, கல்லு கொத்திக் குடுத்தா செலவு போக 400 ரூபாய் நிக்குதுன்னு வைங்க. விளம்பரத்தை ஒருத்தர் கிளிக் பண்ற ஒவ்வொரு தடவையும் நம்ம காசு போகும். 20 பேர் கிளிக் பண்ணினா ஒருத்தர் போன் பண்றார், போன் பண்றவங்கள்ல மூணு பேருக்கு ஒருத்தர் கிரைண்டரைக் கொண்டு வர்றார்னா, ஒரு வேலைக்கு 60 கிளிக் ஆகுது. 400ஐ 60ஆல வகுத்தா 6 ரூபாய் 66 காசு. ஒரு கிளிக் அதைத் தாண்டினா நீங்க கைக்காசு போட்டு ஊருக்கு கல்லு கொத்தறீங்கன்னு அர்த்தம். அதே கணக்கை ஓட்டல் கிரைண்டருக்குப் போடுங்க, ஒண்ணு வித்தா 3000 நிக்கும்னா ஒரு கிளிக்குக்கு 50 ரூபாய் வரைக்கும் தாங்கும்.

இந்தக் கணக்கைப் போட்டப்புறம்தான் எங்களுக்கு வழி தெரிஞ்சுது. விளம்பரம் ஓட்டல் கிரைண்டருக்கு மட்டும், சர்வீஸுக்கு எஸ்இஓ. எல்லாத்துக்கும் சேத்து ஒரே விளம்பரம் போட்டது எங்க பெரிய தப்பு.

ஸ்டெப் 2: கிளிக் என்ன விலை போகுதுன்னு பாருங்க

கூகுள் ஆட்ஸுக்குள்ளயே கீவேர்ட் பிளானர்னு இலவசமா இருக்கு. கீவேர்ட்னா எந்தச் சொல்லைத் தேடினா நம்ம விளம்பரம் வரணுமோ அந்தச் சொல். ஏலம்னா ஒரு கிளிக்குக்கு இவ்வளவு தர்றேன்னு நாம சொல்ற தொகை. உங்க சொல்லைப் போட்டு, லொகேஷனை உங்க ஊருக்கு மாத்திட்டுப் பாருங்க, பக்கத்தோட மேல்பகுதியில வர்றதுக்கு கம்மி ஏலம் எவ்வளவு, கூட ஏலம் எவ்வளவுன்னு ரெண்டு பத்தி வரும். அதுல அதிகமா இருக்கிறதை ஸ்டெப் 1ல வந்த தொகையோட ஒப்பிடுங்க. இந்த வேலைக்கு மாசச் சந்தா கட்டுற டூல் எதுவும் ஒரு கடைக்காரருக்குத் தேவையில்லை, நான் அப்படி ரெண்டு மூணு பாத்துட்டு விட்டுட்டேன்.

ஏலம்னாலும் அதிகம் சொன்னவனுக்கே முதல் இடம்னு இல்ல. விளம்பரம் தேடுற சொல்லோட எவ்வளவு பொருந்துது, கிளிக் பண்ணினா திறக்கிற பக்கம் உபயோகமா இருக்கான்னும் பாப்பாங்க. ஒவ்வொரு கீவேர்டுக்கும் குவாலிட்டி ஸ்கோர்னு 1ல இருந்து 10 வரைக்கும் மார்க் இருக்கும், எது குறையுதுன்னு அங்க தெரியும். எங்க டில்டிங் கிரைண்டர் விளம்பரம் வெப்சைட்டோட முகப்புப் பக்கத்துக்குப் போய்க்கிட்டு இருந்துச்சு, அதை அந்த கிரைண்டரோட பக்கத்துக்கே மாத்தி, எத்தனை லிட்டர், மோட்டார் எவ்வளவு, விலை என்னன்னு மேலயே போட்டோம். கிளிக் விலை அதுக்கப்புறம் இறங்குச்சு.

ஸ்டெப் 3: கேம்பைன் போடும்போது

கேம்பைன்னா ஒரு பட்ஜெட், ஒரு செட்டிங்ல ஓடுற விளம்பரத் தொகுப்பு. புது ஆளுங்களை கூகுள் ஸ்மார்ட் கேம்பைன் (நிறைய செட்டிங்கை அதுவே முடிவு பண்ற வகை) பக்கம் கூட்டிட்டுப் போனா, எக்ஸ்பர்ட் மோடுக்கு மாறுங்க. பேரைப் பாத்துப் பயப்படாதீங்க, நாம பாக்க வேண்டிய செட்டிங்ஸ் அங்கதான் கண்ணுக்குத் தெரியும். டைப் கேக்கும்போது சர்ச். அடுத்து நெட்வொர்க்ஸ்னு வர்ற இடத்துல சர்ச் பார்ட்னர்ஸ், டிஸ்ப்ளே நெட்வொர்க் ரெண்டுலயும் டிக் இருக்கும், ரெண்டையும் எடுத்துடுங்க. சர்ச் பார்ட்னர்ஸ்ங்கிறது கூகுளோட கூட்டு வச்சிருக்கிற வேற தேடல் இடங்கள், டிஸ்ப்ளேங்கிறது வேற சைட்டுகள்லயும் ஆப்லயும் வர்ற விளம்பரம். யாரோ செய்தி படிச்சுக்கிட்டு இருக்கும்போது விரல் பட்டுச்சுன்னாலும் உங்க காசு போகும்.

மொழி எதுன்னு கேட்டா தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் போடுங்க. நம்மள்ல நிறையப் பேர் போன் இங்கிலீஷ்லதான் இருக்கு, தமிழை மட்டும் வச்சா அவங்களை இழந்துடுவீங்க. விளம்பரத்தைத் தமிழ்லயே எழுதலாம், 2018ல இருந்தே அதுக்கு வசதி இருக்கு.

ஸ்டெப் 4: லொகேஷன். நான் மாட்டின இடம் இதுதான்

கோயமுத்தூர் மாவட்டம்னு தெளிவாத்தான் குடுத்திருந்தேன். அப்புறம் எப்படி இந்தில போன் வருதுன்னு எனக்கு ஒரு வாரம் பிடிபடலை. ரிப்போர்ட்ஸ் பக்கத்துல விளம்பரம் எங்கெங்க காட்டுச்சுன்னு பாத்தா மும்பை, பெங்களூர், ஐதராபாத்துன்னு வரிசையா நிக்குது.

காரணம் லொகேஷனுக்குக் கீழ 'லொகேஷன் ஆப்ஷன்ஸ்'னு மடிச்சு வச்ச ஒரு வரி. அதைத் தட்டினாதான் விரியும். அதுல ரெண்டு இருக்கு. ஒண்ணு 'பிரசன்ஸ் ஆர் இன்ட்ரஸ்ட்', அதாவது அந்த ஊர்ல இருக்கிறவங்க, இல்ல அந்த ஊர் மேல ஆர்வம் காட்டுறவங்க. இன்னொண்ணு 'பிரசன்ஸ்', ஊர்ல இருக்கிறவங்க, வழக்கமா வந்து போறவங்க மட்டும். நாம எதுவும் தொடாம விட்டா முதல் ஆப்ஷன்தான் ஓடும்.

இப்ப யோசிங்க, நம்ம பொருளுக்கே பேரு கோயமுத்தூர் வெட் கிரைண்டர், புவிசார் குறியீடு வாங்கின பேரு. மும்பையில இருக்கிற ஒருத்தர் வீட்டுக்கு ஒரு கிரைண்டர் வாங்கலாம்னு அந்தப் பேரைப் போட்டுத் தேடினாலே, இவருக்கு கோயமுத்தூர் மேல ஆர்வம்னு கணக்காயிடுது, விளம்பரமும் அங்க போயிடுது. இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும் இல்ல. காஞ்சிபுரம் பட்டு, திண்டுக்கல் பூட்டு, மணப்பாறை முறுக்கு, சேலம் மாம்பழம்னு ஊர்ப்பேரோட பொருள் விக்கிற எல்லாருக்கும் இது வரும். ஊருக்குள்ள மட்டும் வியாபாரம்னா 'பிரசன்ஸ்' வைங்க, சேவ் பண்ணிட்டு திரும்ப உள்ள போய் அதுலயே நிக்குதான்னு ஒருதடவை பாத்துடுங்க. நாங்க மாத்தின அடுத்த நாள்ல இருந்து மாமாவுக்கு இந்தி போன் நின்னுடுச்சு.

ஸ்டெப் 5: கீவேர்ட்

'கிரைண்டர்'னு சும்மா ஒரு சொல்லைப் போட்டா அது பிராட் மேட்ச், அது தொடர்பா இருக்கும்னு தோணுற எல்லாத்துக்கும் காட்டும். இரும்பு அறுக்கிற ஆங்கிள் கிரைண்டர், காபி கிரைண்டர், மிக்ஸி எல்லாம் அப்படி வந்ததுதான். மேற்கோள் குறிக்குள்ள போட்டா ஃபிரேஸ் மேட்ச், அந்தச் சொல்லோட அர்த்தம் அடங்கின தேடலுக்குக் காட்டும். சதுர அடைப்புக்குள்ள போட்டா எக்ஸாக்ட், அதே அர்த்தத்துல தேடினா மட்டும் காட்டும். கம்மி பட்ஜெட்டுக்கு இந்த ரெண்டு மட்டும் போதும்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். கூடவே நெகட்டிவ் கீவேர்ட் லிஸ்ட் போடுங்க, அதாவது இந்தச் சொல் தேடல்ல இருந்தா விளம்பரத்தைக் காட்டாதேன்னு. எங்க லிஸ்ட்ல ஆங்கிள், காபி, மிக்ஸி, வேலை, செகண்ட் ஹேண்ட், ஆப்னு இருக்கு, வாரத்துக்கு ரெண்டு மூணு சொல் சேந்துக்கிட்டே போகுது.

ஸ்டெப் 6: பட்ஜெட்

ஒரு நாளைக்கு 200னு வச்சா ஒரு நாள் 400 வரைக்கும் கூட போகும், அது தப்பு இல்ல, பதறாதீங்க. மாசத்துக்கு 200ஐ 30.4ஆல பெருக்கினா வர்ற 6080ஐத் தாண்டாது. ஏல முறையில முதல் மாசம் 'மேக்ஸிமைஸ் கிளிக்ஸ்' (பட்ஜெட்டுக்குள்ள முடிஞ்ச அளவு கிளிக் எடுத்துக் குடுக்கிற முறை) வச்சு, அதுலயே ஒரு கிளிக்குக்கு இதுக்கு மேல வேண்டாம்னு உச்ச வரம்பு போடுங்க. அந்த வரம்பு ஸ்டெப் 1ல எழுதின தொகைக்குக் கீழ இருக்கணும்.

*அப்டேட்:* மாசக் கணக்கு இடிக்குதேன்னு ரெண்டு பேர் கேட்டாங்க. ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி, நான் எழுத விட்டுட்டேன். 6080க்கு 1094 ரூபாய் 40 காசு வரி, மொத்தம் 7174 ரூபாய் 40 காசு. ஜிஎஸ்டி நம்பர் இருக்கிற கடைன்னா அந்த நம்பரை பில்லிங்ல ஏத்திட்டு, வரியை இன்புட் கிரெடிட்ல எடுக்கிறதைப் பத்தி உங்க ஆடிட்டர்கிட்ட கேளுங்க.

ஸ்டெப் 7: எந்தப் போன் விளம்பரத்துல வந்துச்சு?

கன்வர்ஷன் டிராக்கிங் செட் பண்ணுங்க, விளம்பரத்துல இருக்கிற போன் பட்டனைத் தட்டினதை அது எண்ணிச் சொல்லிடும். ஆனா மாமா கடையில ஒரு 40 பக்க நோட்டுதான் இன்னும் நல்லா வேலை செய்யுது. போன் வந்தா தேதி, ஊர், என்ன கேட்டாங்க, எப்படி நம்பர் கிடைச்சுது, வாங்கினாங்களா. ஸ்டெப் 1ல நான் 20க்கு ஒண்ணு, மூணுக்கு ஒண்ணுன்னு போட்டது உதாரணம், உங்க நிஜ எண் அந்த நோட்டுல இருந்துதான் வரணும்.

ஸ்டெப் 8: காசு குடுத்து வாங்கின சொற்களை எஸ்இஓவுக்கு எடுங்க

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஸ்டெப். ஆட்ஸ்ல 'சர்ச் டேர்ம்ஸ்'னு ஒரு ரிப்போர்ட் இருக்கு, ஜனங்க நிஜமா என்ன டைப் பண்ணினாங்கன்னு காட்டும். ரொம்ப கம்மியா தேடின சொல் அதுல வராது, இருந்தாலும் வர்றதே போதும். நான் 'கிரைண்டர் சர்வீஸ் சென்டர்'னு தேடுவாங்கன்னு நினைச்சு பக்கம் எழுதியிருந்தேன். அவங்க தேடினது 'கிரைண்டர் கல்லு கொத்தறவங்க', 'கிரைண்டர் மாவு நைஸா அரைய மாட்டேங்குது', 'கிரைண்டர் பெல்ட் நழுவுது'. அதுல பாதி தங்கிலீஷ்ல.

சரின்னு ஒரு நாள் கடையிலயே உக்காந்தேன். கல்லு கொத்துற அண்ணன் முதல்ல உளியை எடுக்கலை, விரல் நுனியால கல்லை ஒரு சுத்து தடவிப் பாத்தார். சொரசொரப்பு போய் கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருந்தா கொத்தணும்னு சொன்னார். கொத்தினப்புறம் தண்ணி விட்டுக் கழுவி, கொஞ்சம் அரிசியைப் போட்டு ஓட்டி, அந்த மாவைக் கொட்டிட்டுத்தான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும், இல்லன்னா கல்துகள் மாவுல வரும்னார். இதையெல்லாம் அப்படியே போட்டோவோட ஒரு பக்கமா எழுதி, தலைப்பை ஜனங்க கேக்கிற மாதிரியே வச்சேன். இன்னைக்கு சர்வீஸுக்கு வர்ற போன்ல நிறைய அந்த ஒரு பக்கத்தைப் படிச்சுட்டு வர்றவங்கதான். ஒரு பைசா கிளிக் செலவு இல்ல. ஆனா அது மேல வர்றதுக்கு நாலு மாசத்துக்கு மேல ஆச்சு, அந்தப் பொறுமை வேணும்.

போன்ல எடுத்த போட்டோவை அப்படியே ஏத்தாதீங்க, சின்னதாக்கி ஏத்துங்க. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்னு கூகுளோட வேகச் சோதனைப் பக்கத்துல உங்க பக்கத்தோட முகவரியைப் போட்டுப் பாருங்க, பெரிய படம் தெரியறதுக்கு 2.5 விநாடிக்குள்ள இருந்தா நல்லது. பேக்லிங்க், அதாவது வேற சைட்டுகள்ல இருந்து உங்க சைட்டுக்கு வர்ற இணைப்பு, அதை 500 எண்ணம் ஆயிரம் ரூபாய்னு விக்கிறவங்க கிட்ட வாங்கவே வாங்காதீங்க, அது கூகுள் விதிப்படி மீறல், சைட் கீழ போயிடலாம்.

ஸ்டெப் 9: சர்ச் கன்சோலும் பிசினஸ் புரொஃபைலும்

ரெண்டும் கூகுளோடது, இலவசம். சர்ச் கன்சோல்ங்கிறது சாதாரண தேடல்ல உங்க சைட் எப்படி நிக்குதுன்னு காட்டுற இடம். அதுல சைட்டைச் சேத்து சைட்மேப் (சைட்ல இருக்கிற பக்கங்களோட பட்டியல்) குடுங்க. பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல 16 மாச தகவல் வரைக்கும் இருக்கும். அதுல சராசரி இடம் 11ல இருந்து 20க்குள்ள இருக்கிற சொற்களைப் பாருங்க, அதாவது முதல் பக்கத்துக்குப் பக்கத்துல வந்து நிக்கிறதை. புதுசா பத்து பக்கம் எழுதுறதை விட அந்தப் பக்கங்களை ஒழுங்குபடுத்துறதுலதான் பலன் சீக்கிரம் தெரியுது. கடை வச்சிருக்கிறவங்க பிசினஸ் புரொஃபைல்ல நேரம், போட்டோ, விடுமுறை எல்லாம் சரியா வைங்க, மேப்ல வர்றது அதுல இருந்துதான்.

*அப்டேட் 2:* திருப்பூர்ல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க, "எல்லாம் செஞ்சேன் அண்ணா, மூணு மாசமாகியும் சைட் பேரைப் போட்டுத் தேடினாக்கூட வரலை"ன்னு. சர்ச் கன்சோல்ல யூஆர்எல் இன்ஸ்பெக்ஷன் போட்டுப் பாக்கச் சொன்னேன், 'நோஇன்டெக்ஸ்'னு காட்டுச்சு. வேர்ட்பிரஸ் செட்டிங்ஸ்ல ரீடிங்னு ஒரு பக்கம் இருக்கு, அங்க தேடுபொறிகள் இந்த சைட்டை எடுத்துக்க வேண்டாம்னு சொல்ற ஒரு டிக் பாக்ஸ். சைட் டிசைன் பண்ணினவர் வேலை நடக்கும்போது அதைப் போட்டுட்டு எடுக்க மறந்துட்டார். டிக்கை எடுத்து, கேச் பிளகின் (பக்கத்தோட பழைய நகலைச் சேமிச்சு வைக்கிறது) இருந்தா அதையும் கிளியர் பண்ணிட்டு, 'ரிக்வஸ்ட் இன்டெக்ஸிங்' குடுங்க. ஸ்டெப் 1க்கும் முன்னாடி இதைப் பாத்துடுங்க, விளம்பரம் ஓடுறப்ப சைட் நல்லா திறக்கும், அதனால இந்த டிக் இருக்கிறதே உங்களுக்குத் தெரியாது.

*அப்டேட் 3:* கூரியர்ல இந்தியா முழுக்க அனுப்புறவங்க ஸ்டெப் 4ல என்ன பண்றதுன்னு கேட்டாங்க. நீங்களும் 'பிரசன்ஸ்'தான் வைக்கணும், லொகேஷனை மட்டும் இந்தியான்னு போடுங்க. ஆனா ஊருக்கு ஒரு கேம்பைன், வெளியூருக்கு ஒரு கேம்பைன்னு பிரிச்சு, ஸ்டெப் 1 கணக்கை ரெண்டுக்கும் தனித்தனியா போடுங்க. கல்லு வச்ச பொருளை மும்பைக்கு அனுப்புற கூரியர் செலவைக் கழிச்சா கிளிக்குக்கு நீங்க குடுக்கக்கூடிய தொகை வேற ஆயிடும்.