ஏபிஎஸ் விளக்கு அணையவில்லையா? முதலில் சக்கர சென்சாரைப் பாருங்கள்

ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதிதான் போயிருக்கும். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

எந்தச் சக்கரத்தின் வேக சென்சாரில் கோளாறு என்று ஸ்கேனரில் (வண்டிக் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் கருவி) பார்த்து, வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி அந்தச் சக்கரத்தைக் கழற்றுங்கள். பிரேக் ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும், விலை கூடிய ஹைட்ராலிக் யூனிட்டை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். சென்சார் முனையில் அப்பிய இரும்புத்தூள், ஸ்டியரிங் திருப்பித் திருப்பி அறுந்த வயர், விரிசல் விட்ட பல்வளையம் (சக்கரத்தோடு சுற்றும், சென்சார் வேகத்தை அளக்க உதவும் வளையம்), இவைதான் வழக்கமான கோளாறுகள். வண்டி நிற்கப்போகும்போது பெடல் காரணமில்லாமல் கடகடவென அதிர்ந்தால் பல்வளையத்தைப் பாருங்கள்: பற்களின் இடைவெளி பிசகினால், சக்கரம் பூட்டிக்கொண்டதாகக் கம்ப்யூட்டர் நினைத்துவிடும்.

பழைய காயில் சென்சார் பெரும்பாலும் 800 முதல் 2,000 ஓம் காட்டும். ஆக்டிவ் சென்சாரில் (வண்டியிலிருந்து மின்சாரம் வாங்கி இயங்கும் புதிய வகை) ஓம் மீட்டர் வைக்காதீர்கள். ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் ஒப்பிடுங்கள். சென்சார் துளைக்குள் துரு இருந்தால் சுரண்டி எடுத்த பிறகே திரும்ப மாட்டுங்கள்.