ஐபோகைன் எலி ஆய்வுகளை வாசிக்கும் முறை

தாவர ஆல்கலாய்டு (நைட்ரஜன் கொண்ட இயற்கை வேதிப்பொருள்) ஒன்று எலியின் மூளை மரபணுக்களைப் பாதிக்கிறது என்ற ஆய்வைத் திட்டப்பணிக்கு எடுத்துக்கொள்ளும் நம் தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள், மரபணுவின் பெயரைத் தேடுவதற்கு முன் மருந்தின் அளவைத் தேட வேண்டும். ஆய்வுச் சுருக்கத்தில் அது இல்லையென்றால் செய்முறைப் பகுதியில் இருக்கும்.

மத்திய ஆப்பிரிக்காவின் இபோகா செடியின் வேர்ப்பட்டையில் உள்ள ஐபோகைனையே எடுத்துக்கொள்வோம். (பூசைக்காக நாம் வளர்க்கும் நந்தியாவட்டையும் அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.) ஓஹெர்ன், மாலிவர் ஆகிய ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வில், கிலோ எடைக்கு 100 மில்லிகிராம் வீதம் வயிற்றறைக்குள் ஊசி மூலம் பெற்ற எலிகளின் சிறுமூளையில் பர்கின்ஜி செல்கள் எனப்படும் பெரிய நரம்பணுக்கள் பட்டை பட்டையாக அழிந்திருந்தன. கிலோவுக்கு 40 மில்லிகிராம் கொடுத்த பிந்தைய ஆய்வொன்றிலோ அந்த அழிவு தென்படவில்லை.

அந்த 100 மில்லிகிராம் அளவை மனிதருக்கு மாற்றும்போது 60 கிலோ எடையால் அப்படியே பெருக்கி 6,000 மில்லிகிராம் என்று எழுதிவிடக் கூடாது. உடற்பரப்பை அடிப்படையாகக் கொண்ட வழக்கமான கணக்கில் எலிக்குக் கொடுத்த அளவை 6.2ஆல் வகுக்க வேண்டும். அப்போது கிலோவுக்கு ஏறத்தாழ 16, மொத்தம் 970 மில்லிகிராம் அளவில் வரும். எவ்வளவு உட்கொண்டால் ஆபத்தில்லை என்பதை இக்கணக்கு சொல்லாது. ஆனால், எலிக்கு அளவுக்கு மீறிக் கொடுத்துவிட்டார்கள் என்று ஆய்வை எளிதில் ஒதுக்கிவிட முடியாது என்பதை அது காட்டிவிடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, ஊசி போட்டு எவ்வளவு நேரம் கழித்து அளந்தார்கள் என்பது. நரம்பணுக் கிளர்ச்சியின் அடையாளமாக இத்தகைய ஆய்வுகளில் அளக்கப்படும் சி-ஃபாஸ் மரபணு, நரம்பணு கிளர்ச்சியடைந்த சில நிமிடங்களிலேயே செயல்படத் தொடங்கும். எலியைப் பிடித்து ஊசி போடும் பதற்றமே அதற்குப் போதும் என்பதால், மருந்தில்லாத ஊசி பெற்ற எலிகளோடு ஒப்பிடாத வரைபடத்தை நான் பொருட்படுத்துவதில்லை. அப்படி ஒப்பிட்டிருந்தாலும், சி-ஃபாஸ் உயர்ந்தது செல் இறந்ததற்குச் சான்றாகாது. இறப்பைக் காட்ட, நாட்கள் கழித்துத் திசுவைச் சாயமேற்றிச் செல்கள் எஞ்சியுள்ளனவா என்று பார்த்திருக்க வேண்டும்.

காரணத்தை நிறுவிய சோதனை இருக்கிறதா என்பதே எல்லாவற்றிலும் முக்கியம். 1997இல் அதே குழுவினர், மூளைத்தண்டிலுள்ள கீழ் ஆலிவ் கரு என்ற நரம்பணுத் தொகுப்பை முன்கூட்டியே அழித்துவிட்டு ஐபோகைன் கொடுத்தபோது பர்கின்ஜி செல்கள் தப்பின. ஐபோகைன் அச்செல்களை நேரடியாகக் கொல்லவில்லை; ஆலிவ் கருவைக் கிளர்த்தி, அதிலிருந்து பர்கின்ஜி செல்களுக்குச் செல்லும் ஏறுநார்கள் வழியே மிகுதியாக வெளிப்படும் குளுட்டமேட் என்ற நரம்புச் சமிக்ஞை வேதிப்பொருளால் அவற்றைச் சிதைக்கிறது என்ற விளக்கம் இச்சோதனையால்தான் வலுப்பெற்றது. இத்தகைய சோதனை இல்லாத கட்டுரையை மேற்கோள் காட்டும்போது, “காரணம்” என்று எழுதாமல் “தொடர்பு” என்று மட்டும் எழுதுங்கள்.