ஜெனரல் பிசினஸ் எடுக்கப் போறீங்களா? பலபேர் சறுக்குற இடம் இதுதான்

"எதுல இன்ட்ரஸ்ட்னு இன்னும் தெரியல, அதான் ஜெனரல் பிசினஸ் போட்டுட்டேன்." இதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. ஜெனரல் பிசினஸ்னா ஒரே துறைல ஆழமா போகாம, எல்லா பிசினஸ் பாடத்தையும் பொதுவா படிக்கிற டிகிரி. தெரியாம சேர்றது தப்பே இல்லங்க, கடைசி வருஷம் வரைக்கும் தெரியாமலே ஓட்டுறதுதான் தப்பு.

ஏன்னா பிசினஸ் பாடங்கள் எல்லாமே தனித்தனியா நிக்கிறது இல்ல. மார்க்கெட்டிங், ஹெச்ஆர் பக்கம் அறிமுகப் பேப்பரை பெரும்பாலும் எப்ப வேணா எடுத்துக்கலாம், ஆனா ஃபைனான்ஸ் பக்கம் அப்படி நடக்காது, அக்கவுண்டிங்கும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் முடிச்சாதான் பல இடங்கள்ல கார்ப்பரேட் ஃபைனான்ஸ் எடுக்க விடுவாங்க, அதை முடிச்சாதான் இன்வெஸ்ட்மென்ட்ஸ், ஆக குறைஞ்சது மூணு செமஸ்டர் ஓடிரும். "கணக்கு நமக்கு ஆகாது, அப்புறம் பாத்துக்கலாம்"னு அந்த ரெண்டையும் தள்ளிப் போட்டவங்க மூணாவது வருஷத்துல ஃபைனான்ஸ் புடிச்சுப்போச்சுன்னு வந்து நின்னா, டைம் இருக்காது. எந்தப் பக்கம் போறதுன்னு முடிவு பண்ணாட்டியும் பரவாயில்ல, அந்த ரெண்டு பேப்பரையும் முதல் வருஷமே முடிச்சிடுங்க.

அடுத்தது எலெக்டிவ், அதாவது நாமளே தேர்ந்தெடுக்கிற விருப்பப் பேப்பர். காலைல எந்திரிக்க வேணாம், மார்க் அள்ளிப் போடுவாங்க, ஃப்ரெண்டு எடுத்திருக்கான், இப்படிப் பாத்து எடுத்தா மார்க்‌ஷீட் முழுக்க அறிமுகப் பேப்பராவே நிக்கும். இன்டர்வியூல "உங்களுக்கு என்ன தெரியும்"னு கேட்டா "எல்லாமே கொஞ்சம் கொஞ்சம்"னு சொல்ற நிலைமை, அதைக் கேட்டு யாரும் வேலை குடுக்க மாட்டாங்க. அதுக்குப் பதிலா மூணு எலெக்டிவையாவது ஒரே திசைல எடுங்க. உதாரணமா ஆபரேஷன்ஸ், சப்ளை செயின், டேட்டா அனலிட்டிக்ஸ், கூடவே அது சம்பந்தமா ஒரு இன்டர்ன்ஷிப். டிகிரி பேரு ஜெனரலாவே இருக்கட்டும், ரெஸ்யூம் அப்படி இருக்கக் கூடாது.

சொந்தத் தொழில் பண்ணப் போறவங்க இன்னொரு தப்பு பண்றாங்க, தொழில்முனைவு பத்தின பேப்பரா தேடிப் புடிச்சு எடுத்துட்டு அக்கவுண்டிங்கையும் பிசினஸ் லாவையும் ஒதுக்கிடறாங்க. கடனுக்கு வித்தா புக்ல லாபம் நிக்கும், சம்பளம் போடக் கைல காசு இருக்காது. இதை சொல்லித் தர்றது அந்த போரான அக்கவுண்டிங் பேப்பர்தான் (எனக்கும் போராத்தான் இருந்துச்சு, அது வேற விஷயம்).

ஏசிசிஏ (அக்கவுண்டிங் தொழில் தகுதி), சிஎஃப்ஏ (முதலீடு, ஃபைனான்ஸ் தொழில் தகுதி) மாதிரி ஐடியா இருந்தா முன்னாடியே விசாரிச்சுக்கோங்க. ஏசிசிஏல எந்தப் பேப்பருக்கு விலக்கு கிடைக்கும்கிறது நீங்க டிகிரில என்ன படிச்சீங்கங்கிறதப் பொறுத்தது, டிகிரி பேரு பிசினஸ்னு இருந்தா மட்டும் போதாது. சிஎஃப்ஏ முதல் லெவலை டிகிரி முடிய 23 மாசம் இருக்கும்போதே எழுதலாம், இது தெரியாமலே நிறைய பேர் டிகிரி முடியட்டும்னு காத்துட்டு இருக்காங்க.

சேர்றதுக்கு முன்னாடி பாடத்திட்டத்தை டவுன்லோட் பண்ணி, எந்த பேப்பருக்கு எது முன்தேவைன்னு போட்டிருக்கிற பக்கத்தை மட்டுமாவது படிச்சுப் பாருங்க, அரை மணி நேர வேலைதான்.