2×2 டைல்ஸ்: எத்தனை பெட்டி, எவ்வளவு செலவு?

டைல்ஸ் கடையில் முதல் கேள்வியே "எத்தனை சதுர அடி?" என்பதுதான். நீளத்தை அகலத்தால் பெருக்கி, வேஸ்டேஜுக்கு 10 சதவீதம் கூட்டிச் சொன்னால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி வாங்கினால் கடைசி நாளில் இரண்டு டைல்ஸ் குறையும், அல்லது நாலு பெட்டி மாடிப்படிக்கு அடியில் தங்கிவிடும். ஒரு பக்கம் துண்டு விழுந்தால் அதற்கும் ஒரு முழு டைல்ஸைத்தான் வெட்ட வேண்டும். அதனால் அறை அறையாக, வரிசை வரிசையாக எண்ணிப் பார்ப்பதுதான் சரியான வழி. ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் வீடு முழுவதற்கும் ஒரு மணி நேர வேலை.

முதலில் ஒரு விஷயம். 2×2 என்று விற்கிற டைல்ஸ் 2 அடி கிடையாது. அது 600 மி.மீ., அதாவது 23.6 அங்குலம். நாலு டைல்ஸ் உள்ள பெட்டி 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. சில கடைகளில் பெட்டிக்கு 16 சதுர அடி என்று பில் போடுவார்கள். வீட்டுக்கு 60 பெட்டி என்றால், தரைக்கு வராத 30 சதுர அடிக்குப் பணம் கட்டுகிறோம். பெட்டி மேலேயே சதுர மீட்டர் அச்சிட்டிருக்கும், அதை 10.76ஆல் பெருக்கிப் பாருங்கள். 4×2 டைல்ஸும் (600×1200) பெட்டிக்கு இரண்டு வீதம் இதே 15.5 சதுர அடிதான்.

அளவு எடுப்பது பூச்சு வேலை முடிந்த பிறகு. பிளானில் உள்ள அளவு பெரும்பாலும் செங்கல் சுவருக்குச் சுவர் உள்ளது. பூச்சு ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் தின்றிருக்கும். ஒவ்வொரு சுவர் ஓரத்திலும் தனித்தனியாக அளந்து, பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் டேப் பிடியுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அறை மூலைமட்டத்தில் இருக்கிறது. ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒரு சுவர் ஓரம் முழுக்கக் கோணலாக வெட்டு விழும். அந்த ஓரம் எது என்று மேஸ்திரியுடன் முன்கூட்டியே பேசி, கட்டிலோ அலமாரியோ வரும் பக்கம் தள்ளிவிடலாம்.

இப்போது 16 அடிக்கு 11 அடி ஹால் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டைல்ஸுக்கு இடையே இடைவெளி விட 2 மி.மீ. ஸ்பேசர் (சின்ன பிளாஸ்டிக் துண்டு) வைத்தால் ஒரு டைல்ஸ் பிடிக்கும் இடம் 23.7 அங்குலம். 16 அடி என்பது 192 அங்குலம். எட்டு டைல்ஸ் சரியாக உட்காரும் என்று மனக்கணக்கு சொல்லும். ஆனால் எட்டு டைல்ஸ் 189.6 அங்குலத்தோடு நின்றுவிடும், 2.4 அங்குலம் மிச்சம். 11 அடிப் பக்கத்தில் ஐந்து முழு டைல்ஸ் போக 13.5 அங்குலத் துண்டு.

இங்கே இரண்டு வழி உண்டு. ஒரு மூலையில் முழு டைல்ஸில் ஆரம்பித்தால் 40 முழு டைல்ஸ், 13.5 அங்குல ஓரத்துக்கு எட்டு, ஆக 48. கடைசி 2.4 அங்குலப் பட்டை அந்த எட்டில் மிஞ்சிய துண்டுகளிலேயே கிடைத்துவிடும். 12 பெட்டியில் முடியும். ஆனால் அந்த மெல்லிய பட்டை வாசலுக்கு எதிரே விழுந்தால், வீடு இருக்கும்வரை கண்ணை உறுத்தும். இரண்டாவது வழி, நடுவில் ஏழு முழு டைல்ஸ் வைத்து இரண்டு ஓரத்திலும் 13 அங்குலத் துண்டு போடுவது. பார்க்க லட்சணம். ஆனால் 13 அங்குலம் பாதிக்கு மேல் என்பதால் ஒரு டைல்ஸில் ஒரு துண்டுதான் தேறும். வரிசைக்கு ஒன்பது, ஆறு வரிசை, மொத்தம் 54. பதினான்கு பெட்டி வேண்டும்.

176 சதுர அடியோடு 10 சதவீதம் கூட்டியிருந்தால் 13 பெட்டி வாங்கியிருப்போம், அதாவது 52 டைல்ஸ். முதல் வழிக்கு நாலு அதிகம், இரண்டாவது வழிக்கு இரண்டு குறைவு. வேஸ்டேஜ் என்பது அறையின் அளவைப் பொறுத்து மாறுவது. எல்லா அறைக்கும் ஒரே சதவீதம் போட்டால் இப்படித்தான் ஆகும்.

10 அடி அறைக்கு வேறு தந்திரம். ஐந்து டைல்ஸ் போட்டால் ஒன்றரை அங்குலம் மிஞ்சும். ஸ்பேசரை 3 மி.மீ. ஆக்கினால் மிச்சம் 1.4 அங்குலம். அதை இருபுறமும் முக்கால் அங்குலத்துக்குள் பிரித்துவிட்டால் ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை) மறைத்துக்கொள்ளும், வெட்டே வேண்டாம். ஸ்கர்ட்டிங்கைச் சுவருக்குள் பதித்துச் சமமாக விடுகிற வேலை என்றால் இது நடக்காது, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கர்ட்டிங்குக்குத் தனிப் பெட்டி வாங்குவதற்கு முன் வெட்டுத் துண்டுகளை எண்ணுங்கள். மேலே சொன்ன 54 டைல்ஸ் ஹாலில் 10 அங்குல அகலத்துக்கு மேற்பட்ட துண்டுகள் 19 மிஞ்சும். ஒவ்வொன்றிலும் 4 அங்குலப் பட்டை இரண்டு வரும். ஹாலின் சுற்றளவு 54 அடி, மூன்று வாசல் போக 45 அடி. 38 பட்டையில் 70 அடிக்கு மேல் தேறும். வெட்டாத கம்பெனி விளிம்பு மேலே தெரிய வேண்டும் என்றால் துண்டுக்கு ஒரு பட்டைதான் கணக்கு, 37 அடி. மீதி எட்டு அடிக்கு இரண்டு டைல்ஸை வெட்டினால் போதும். துண்டுகளைக் குப்பையோடு அள்ளிவிடாமல் ஓரமாக அடுக்கச் சொல்வது உங்கள் வேலை.

பாத்ரூம் சுவரில் சிக்கல் வேறு. டார்க், லைட், ஹைலைட்டர் (டிசைன் போட்டது) என்று மூன்று வகை வரும், மூன்றும் தனித்தனிப் பெட்டி. 7×4 அடி பாத்ரூமில், 7 அடி உயரத்துக்கு 2×1 டைல்ஸைப் படுக்கை வசத்தில் ஒட்டினால் ஏழு வரிசை. நீளச் சுவர் இரண்டுக்கும் நாலு நாலு, குறுக்குச் சுவருக்கு இரண்டு, கதவு உள்ள சுவருக்கு ஒன்று, ஆக வரிசைக்கு 11. டார்க் மூன்று வரிசை 33, ஹைலைட்டர் 11, லைட் 33. பெட்டிக்கு ஐந்து என்றால் 7, 3, 7 பெட்டி. வெண்டிலேட்டர் இடத்தைக் கழிக்க வேண்டாம், வெட்டிலேயே போய்விடும். தரைக்கு 1 அடி ஆன்டி ஸ்கிட் (வழுக்காத) டைல்ஸே சரி. தண்ணீர் வாட்டம் கொடுக்கச் சின்ன டைல்ஸ்தான் வளைந்து கொடுக்கும்.

அடுத்து கலவை. 1:6 கலவையை (ஒரு பங்கு சிமென்ட், ஆறு பங்கு மணல்) ஒன்றரை அங்குலக் கனத்தில் போட்டால், இந்த ஹாலுக்கு சிமென்ட் மூன்றரை மூட்டை, எம் சாண்ட் 25 கன அடி. டைல்ஸின் பின்புறம் பூசும் சிமென்ட் பாலுக்கு மேற்கொண்டு ஒரு மூட்டை. தரை மட்டம் அரை அங்குலம் தாழ்ந்திருந்தால் ஒரு மூட்டையும் எட்டு கன அடி மணலும் கூடும். அதனால் டைல்ஸ் வாங்குவதற்கு முன்பே டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்து எல்லா அறைக்கும் மட்டம் குறித்துவிடுவது நல்லது. விட்ரிஃபைடு (கண்ணாடி போல இறுகச் சுட்ட) டைல்ஸ் தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது. வெறும் சிமென்ட் பாலில் பிடிப்பு குறைவு. சில மாதத்தில் நாணயத்தால் தட்டினால் 'டொக்' என்று கேட்பது பெரும்பாலும் இதனாலோ, அடியில் கலவை சரியாக நிரம்பாததாலோதான். கலவைத் தளம் காய்ந்த பிறகு பசை போட்டு ஒட்டுவது மேல். 3 மி.மீ. கனத்தில் 20 கிலோ மூட்டை 45 சதுர அடிக்கு வரும். இந்த ஹாலுக்கு நாலு மூட்டை. இடைவெளி நிரப்ப கிரவுட் இரண்டு கிலோ போதும்.

பணக் கணக்குக்கு வருவோம். கீழே உள்ள விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். டைல்ஸ் வரியோடு சதுர அடி 60 ரூபாய் என்றால் 14 பெட்டி, 217 சதுர அடி, 13,020 ரூபாய். சிமென்ட் ஐந்து மூட்டை 2,000. மணல் 1,500. கிரவுட் 120. கூலி சதுர அடிக்கு 30 வீதம் 5,280. ஸ்கர்ட்டிங் ஒட்ட அடிக்கு 15 வீதம் 675. மொத்தம் 22,595. அறுபது ரூபாய் டைல்ஸ் தரையில் உட்காரும்போது சதுர அடிக்கு 128 ரூபாய் ஆகிவிட்டது. பசை போட்டு ஒட்டினால் அது இன்னும் ஏறும். டைல்ஸில் பத்து ரூபாய் குறைக்க நாலு கடை ஏறி இறங்குபவர்கள், கூலியில் எது எது அடக்கம் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. பிளேடு யார் செலவு, கிரவுட் போடுவது சேர்ந்ததா, விளிம்பை உருட்டித் தேய்க்கும் மோல்டிங் அடிக்கு எவ்வளவு, மாடி ஏற்றுகூலி பெட்டிக்கு எவ்வளவு என்பதெல்லாம் வேலை தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும். ஒரு பெட்டி கிட்டத்தட்ட 28 கிலோ. 60 பெட்டி இரண்டாம் மாடிக்குப் போவது சின்னச் செலவு இல்லை. கடையில் சொன்ன விலை 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் கேளுங்கள்.

சரக்கு இறங்கும்போது எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அதே டிசைன், வேறு பேட்ச் என்றால் நிறம் லேசாக மாறும். ஒட்டி முடித்து வெளிச்சத்தில் பார்க்கும்போதுதான் தெரியும். அளவும் ஒன்றிரண்டு மி.மீ. மாறி, கோடு நேராக வராது. குறைந்தால் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விடக்கூடாததற்குக் காரணம் இதுதான். பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுப்பார்களா என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எடுத்தாலும் ஒரு பெட்டியைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் குழாய் உடைந்து தரையைக் கொத்த வேண்டி வந்தால், அந்த டிசைன் கடையில் இருக்காது.