ஈ.கோலை நீந்தவில்லையா? முதலில் உங்கள் கையைப் பாருங்கள்

போன வாரம், புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருவர் ஈ.கோலை பாக்டீரியா வளர்ந்த குழாயை, வேகமாக அதிரக் குலுக்கும் வோர்டெக்ஸ் கருவி மேல் வைத்து அழுத்தினார். நான் கை நீட்டுவதற்குள் முடிந்துவிட்டது. நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறு. கையுறை, லேபிள், சுத்தம் பற்றியெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். இதைத்தான் சொல்ல ஆளில்லை.

குலுக்காதீர்கள்

சுற்றுப்புறம் மாறியதை ஈ.கோலை உணர்ந்துவிட்டது என்று நமக்குக் காட்டுவது அதன் நீச்சல். நீந்த வைப்பவை கசையிழைகள், அதாவது செல்லிலிருந்து சாட்டை போல நீளும் இழைகள். தடிமன் சுமார் 20 நானோமீட்டர். நீளமோ செல்லைவிடப் பல மடங்கு. அடியிலுள்ள மோட்டார்கள் இடஞ்சுழியாகச் சுற்றினால் இழைகள் கற்றையாகச் சேர்ந்து செல்லை நேராகத் தள்ளும். வலஞ்சுழியாக மாறினால் கற்றை பிரியும். செல் புரண்டு திசை மாறும். பிடித்த பொருள் கூடிக்கொண்டே வந்தால் புரளுவது குறையும்.

இவ்வளவு மெல்லிய இழை வோர்டெக்ஸில் அறுந்துவிடும். பிப்பெட்டின் குறுகிய முனையில் வேகமாக உறிஞ்சித் தள்ளினாலும் அப்படித்தான். ஆனால் செல் சாகாது. இளகலான அகார் (ஜெல்லி) தட்டில் வைத்தால் வளரும்போதே புது இழை முளைத்து, நீந்திப் பரவி அழகாக வளையமும் போடும். என்னை ஏமாற்றியது அந்த வளையம்தான். தட்டில் நீந்துகிறது, நுண்ணோக்கியின் கண்ணாடித் துண்டில் அசையவில்லை. அதற்குப் பிடித்த அமினோ அமிலமான செரினை மாற்றினேன், செல்களை மிதக்கவிடும் பஃபர் கரைசலை மாற்றினேன், ஈ.கோலையின் வேறு திரிபையும் (வகையையும்) வாங்கிப் பார்த்தேன். மூன்று வாரம் போனது. கடைசியில் குடுவையிலிருந்து நேராக ஒரு சொட்டு எடுத்து வைத்தேன்: திரை முழுக்க ஓட்டம்! இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

செல்களைச் சுழற்றி அடியில் படியவைக்கும் சென்ட்ரிஃபியூஜை மெதுவாக ஓட்டுங்கள். அடியில் படிந்ததைக் கலக்க, பஃபர் ஊற்றிக் குழாயைத் தொட்டில் போல ஆட்டினால் போதும். பிப்பெட் முனையைக் கத்தரியால் வெட்டி அகலமாக்கிக்கொள்ளுங்கள்.

வளர்க்கும்போது குளுக்கோஸ் வேண்டாம்

கசையிழை உருவாவதையே அடக்கிவிடும்.

துடிப்பதெல்லாம் நீச்சல் இல்லை

செத்த செல்லும் துடிக்கும். இடம்விட்டு இடம் போகிறதா என்று பாருங்கள்.

"உணவு இருக்கும் திசை தெரிந்து போகிறது" என்று எழுதாதீர்கள்

சுமார் 2 மைக்ரோமீட்டர் உடலை வைத்துக்கொண்டு அது திசையைக் கணிப்பதில்லை. சில விநாடிக்கு முன் இருந்த அளவையும் இப்போதைய அளவையும் ஒப்பிடுகிறது. 1972இல் மாக்னாப், காஷ்லண்ட் என்ற விஞ்ஞானிகள், இதேபோல நீந்தும் சால்மொனெல்லா பாக்டீரியாவைச் செரினோடு திடீரெனக் கலந்தார்கள். எங்கும் ஒரே அடர்த்தி, போவதற்குத் திசையே கிடையாது. ஆனாலும் செல்கள் புரளுவதை விட்டுவிட்டு நேராக நீந்தின.

அப்புறம், அந்த மாணவியின் குழாயைக் கொட்டிவிட்டு மறுபடி வளர்த்தோம். வெட்டிய முனையால் ஒரு சொட்டு எடுத்து வைத்து, அரை மணி நேரம் நுண்ணோக்கியை விட்டு அவர் நகரவில்லை.